மலிவுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

மாதச் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் மாலை வண்டியைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் வரும் அந்த வண்டியில் நம்மவர் கைகளில் பெரிய கடைகளின் பெயர் அச்சிட்ட பைகள் தொங்குகின்றன. எண்ணெய், பருப்பு, சோப்பு, பிள்ளைகளுக்குத் துணி என மாதச் சாமான் முழுவதும் ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் வாங்கப்பட்டு, நூறு கிலோமீட்டர் சுமந்து வரப்படுகிறது. வண்டியில் சுமக்க மனமில்லாதவர் கைப்பேசியில் சொல்லி வீட்டுக்கே வரவழைக்கிறார். கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அங்கே மலிவு."

மலிவு என்பதை நாம் மறுக்கவில்லை. சில சாமான்களில், சில நாட்களில், உண்மையிலேயே மலிவுதான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்பது, மாதம் பதினையாயிரத்துக்குள் குடும்பம் நடத்தும் தாய்க்குச் சின்ன விஷயமல்ல. ஆகவே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. அந்த ஐந்து ரூபாயை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியை அவள் முன்பும் நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவர் முன்பும் வைக்க விரும்புகிறோம். கடை முதலாளி தன் பையிலிருந்து விட்டுக்கொடுத்தாரா? விட்டுக்கொடுத்திருந்தால் அவர் ஆண்டுக்கு ஆண்டு புதுக்கடை திறந்துகொண்டிருப்பாரா?

எங்கே வாங்குவது என்பது அவரவர் சொந்த விருப்பம், அதில் அரசியல் பேசக்கூடாது என்பார்கள். தங்கவயல்காரன் அப்படிப் பேசக்கூடாது என்பதே நமது வாதம். ஏன் என்று சொல்கிறோம்.

குழிக்குள் இறங்கியவர்களின் வாரிசுகள்

1880 முதல் இந்த மண்ணில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்டியது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் பாட்டனார்கள் குழிக்குள் இறங்கினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரில் நிலமும் இல்லை, நிமிர்ந்து நடக்க வழியும் இல்லை என்று வந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை போய், நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை வெளியே கொண்டுவந்தார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் பலர். கல்தூசி நுரையீரலை அரித்து, சிலிகோசிஸ் நோயில் நாற்பது வயதிலேயே கிழவராகிப் போனவர்கள் அதைவிடப் பலர்.

அந்தத் தங்கத்தை இலண்டனில் வாங்கியவர்கள் கெட்டவர்களா? பெரும்பாலும் இல்லை. அவர்களும் குடும்பஸ்தர்கள்தான். தங்கத்தின் தரத்தையும் விலையையும் கேட்டார்கள். அது எந்தக் குழியிலிருந்து வந்தது, எடுத்தவனுக்கு என்ன கூலி என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும் வசதியைக் கம்பெனி அவர்களுக்குச் செய்து கொடுத்தது. அவர்கள் கேட்காத கேள்வியை நம்மவர்களே கேட்க வேண்டியிருந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து மூன்று வாரம் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். 1946 நவம்பர் 4-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களைப் பலிகொடுத்துக் கேட்டார்கள்.

ஒரு பொருளின் விலைக்குப் பின்னால் ஒரு மனிதனின் உடம்பு இருக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நம் வீடுகளிலேயே இருமிக்கொண்டு கிடந்தவர்களைப் பார்த்து வளர்ந்தோம். அப்படிப்பட்ட நாம், இன்று வாங்குபவர் பக்கத்தில் நிற்கும்போது, அன்றைய இலண்டன்காரனைப் போலவே விலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம்

பெரிய கடைகளில் வேலை செய்பவர்கள் யார்? வெளியூர்க்காரர்கள் அல்லர். தங்கவயலிலிருந்து விடியற்காலை வண்டியேறும் நம் பெண்களும் பிள்ளைகளும்தான். சாமான் அடுக்குபவர், பில் போடுபவர், வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளி, கழிப்பறை கழுவும் அம்மா என எல்லா இடத்திலும் நம் முகங்கள் தெரிகின்றன. அவர்களில் பலருக்கு அந்தக் கடையின் பெயரில் வேலைச்சீட்டுக்கூடக் கிடையாது. ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்தக்காரனின் ஆட்கள் அவர்கள். சுரங்கத்தில் மேஸ்திரி ஆள் பிடித்துக் கொடுத்துத் தன் பங்கை எடுத்துக்கொண்ட பழைய ஏற்பாடு, டை கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. கழிப்பறைக்குப் போகவும் வழியில்லை. விஜியும் அவர் தோழியரும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டிப் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பயனாகக் கேரள அரசு 2018-இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர் உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021-இல் அதே திருத்தத்தைச் செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2010-இல், வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் சென்னை ரங்கநாதன் தெருவின் கடைப்பிள்ளைகளைத் தமிழகத்துக்குக் காட்டியிருந்தது. படத்தைப் பார்த்து அழுதுவிட்டு மறுநாளே அதே தெருவுக்குத் தீபாவளித் துணி வாங்கப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஒரு மனிதன் வேலைக்கு நடுவே நாற்காலியில் உட்கார, சட்டமன்றம் கூடி ஒரு சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த வியாபாரத்தின் இலட்சணம் என்ன என்று தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மூலைக் கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்துதான் சாமான் நிறுக்கிறார். அதற்காக அவர் எந்தச் சட்டமன்றத்தையும் கேட்டதில்லை.

கைப்பேசி வழியாக வாங்கினால் இந்தப் பாவம் நமக்கில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் பாவம் மாறியிருக்கிறது, அவ்வளவே. 2024-ஆம் ஆண்டு கோடையில், டெல்லிக்கு அருகே மானேசரிலுள்ள அமேசான் கிடங்கில், குறிப்பிட்ட லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போவதில்லை என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கியதாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து விளக்கம் கேட்டது. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவரும் பையனுக்கு விபத்து நேர்ந்தால் அவன் யாருடைய தொழிலாளி என்பதே நெடுங்காலம் கேள்வியாக இருந்தது. 2025-இல் கர்நாடக அரசு இவர்களுக்கென ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் சட்டம் வருமுன்னே ஓடி விழுந்தவர்களின் கணக்கு எந்தப் பில்லிலும் இல்லை.

சட்டையின் கதை

பெரிய கடையின் விலைக்குறைப்பு கடை வாசலோடு நிற்பதில்லை. அது பொருள் தயாராகும் இடம்வரை போய் அழுத்துகிறது. பல்லாயிரம் சட்டைக்கு ஒரே கையெழுத்தில் ஆர்டர் கொடுப்பவன், விலையை அவனே சொல்கிறான். நாளையும் அவனே குறிக்கிறான். மறுத்தால் ஆர்டர் அடுத்த நாட்டுக்குப் போகும். தொழிற்சாலைக்காரன் துணி விலையைக் குறைக்க முடியாது, மின்சாரக் கட்டணத்தையும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தைப்பவளின் கூலி.

2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலை தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சாம்பலில் வால்மார்ட்டுக்குத் தைத்த துணிகள் கிடந்தன. ஐந்தே மாதத்தில், 2013 ஏப்ரல் 24-இல், ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுவர் வெடித்திருப்பதை முதல் நாளே தொழிலாளர்கள் பார்த்தார்கள். மறுநாள் கட்டாயப்படுத்தி உள்ளே அனுப்பப்பட்டார்கள்.

வங்காள தேசம் தூரம் என்றால் பெங்களூருக்கு வருவோம். 2020 ஏப்ரலில் கர்நாடகத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளருக்குச் சேர வேண்டிய பஞ்சப்படி மாதம் 417 ரூபாய். கொரோனாவைக் காரணம் காட்டி ஆலைகள் அதைக் கொடுக்கவில்லை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஏறத்தாழ இரண்டு ஆண்டு அந்தப் பணமின்றி வேலை செய்தார்கள். அந்த ஆலைகளில் சரக்கு எடுத்தவர்களில் டெஸ்கோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், எச் அண்ட் எம் போன்ற உலகப் பெருங்கடைகள் இருந்தன. தொழிற்சங்கமும் வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் உலகறியச் சொன்ன பிறகே 2022-இல் பெரிய ஆலைகள் பாக்கியைக் கொடுக்க முன்வந்தன. தங்கவயல் வண்டியில் போய் அந்த ஆலைகளில் தைத்த பெண்கள், திரும்பும்போது மலிவுச் சட்டை வாங்கி வந்தார்கள் என்றால், அந்த மலிவுக்குக் கொடுத்தது அவர்களுடைய 417 ரூபாய்தான். வலது கையில் பறித்ததில் ஒரு சிறு பங்கு இடது கையில் தள்ளுபடியாகத் திரும்பி வந்தது.

குடை கொடுத்த கப்பல் கம்பெனி

விலைக்குறைப்பை ஆயுதமாக்குவது புதிதல்ல. தமிழர்களாகிய நாம் அதை வரலாற்றிலேயே கண்டிருக்கிறோம். 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசியும் குறைத்தது. கடைசியில் வெள்ளையர் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது. 1908-இல் வ. உ. சி. சிறைக்குப் போனார், 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு தூத்துக்குடிக்காரர் யாருக்கும் இலவசக் குடை கிடைக்கவில்லை.

அன்று குடை வாங்கியவர்கள் தேசத்துரோகிகள் அல்லர். மழைக்கும் வெயிலுக்கும் குடை தேவைப்பட்ட ஏழைகள். ஆனால் ஒரு குடைக்காக ஒரு கம்பெனியை இழந்தோம் என்று இன்று பாடம் படிக்கிறோம். இன்றைய குடை எது? "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்."

இந்த விளையாட்டில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்றபின், பெரிய மீன்களே ஒன்றையொன்று தின்கின்றன. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, மலிவு விலையைச் சொல்லி நாடெங்கும் சுமார் 1,600 கடை விரித்தது. 2009-இல் ஒட்டுமொத்தமாக மூடிக்கொண்டது. ஊழியர் சம்பளமும் வாடகையும் சரக்குப் பாக்கியும் நின்றன. 2003-இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மன் மெட்ரோ, மொத்த வியாபாரம் மட்டுமே செய்வேன் என்ற நிபந்தனையில் வந்தது. சில்லறை ஆட்களுக்கும் விற்கிறது என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2023-இல், அதன் இந்தியக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. 2001-இல் பிறந்த பிக் பஜார் கடனில் மூழ்கி, 2022 பிப்ரவரியில் அதன் கடைகள் பலவும் அதே ரிலையன்ஸின் கைக்குப் போயின. வால்மார்ட், 2018-இல் பெங்களூர் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை 1,600 கோடி டாலருக்கு வாங்கி உள்ளே வந்தது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தமக்கு வேண்டிய விற்பனையாளருக்குச் சலுகை காட்டிப் போட்டிச் சட்டத்தை மீறின என்று 2024-இல் போட்டி ஆணையத்தின் விசாரணை அறிக்கை கூறியது.

நூறு கடைகள் இருக்கும் தெருவில் ஒருவன் விலையை ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். நான்கு முதலாளிகள் மட்டும் மிஞ்சும் நாட்டில் எங்கே போவது?

இந்தியாவில் சில்லறை வியாபாரத்தை நம்பி வாழ்வோர் நாலு கோடிக்கு மேல் என்று பல ஆண்டுகளாகவே கணக்குச் சொல்லப்படுகிறது. விவசாயம் கைவிட்டவனும் ஆலை கைவிட்டவனும் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். நமக்கு இது நன்றாகவே தெரியும். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, கைக்கு வந்த சிறு தொகையில் நம்மவர்கள் செய்தது என்ன? பங்குச் சந்தைக்குப் போகவில்லை. லைன் வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைத்தார்கள், இட்லிக்கடை போட்டார்கள், தள்ளுவண்டியில் காய்கறி விற்றார்கள். இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர்கள் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார்கள். சம்பளம் நின்ற மாதத்தில் கடன் கொடுக்கும் கணினி எந்தப் பெரிய கடையில் இருக்கிறது? 2020 ஊரடங்கின்போது வண்டி நின்றது, பெங்களூர் வேலை நின்றது. அப்போதும் நம் வீட்டு அடுப்பை எரியவைத்தவை ரேஷன் அரிசியும் மூலைக்கடை நோட்டும்தான்.

தக்காளிப் பெட்டி

இடைத்தரகரை ஒழித்து விவசாயிக்கு நல்ல விலை கொடுக்கிறோம் என்பது பெரிய கடைகளின் பிரச்சாரம். கோலார் மாவட்டத்துக்காரரிடம் இதைச் சொல்லி ஏமாற்ற முடியாது. கோலார் தக்காளி மண்டி ஆசியாவின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 2023 ஜூலையில் 15 கிலோப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் காணாமல் தக்காளியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறோம்.

பெரிய கடைகளின் கொள்முதல் மையங்கள் என்ன செய்கின்றன? அளவும் நிறமும் பார்த்துப் பொறுக்குகின்றன. முதல் தரத்தை எடுத்துக்கொண்டு மீதியை விவசாயி தலையிலேயே கட்டுகின்றன. அவர் அதை மறுபடியும் மண்டிக்கு ஏற்றிப் போக வேண்டும். நாளைக்கு இவ்வளவு எடுப்போம் என்று எழுத்தில் கொடுப்பது அரிது. விலையோ பெரும்பாலும் அன்றைய மண்டி விலையை ஒட்டியது. சந்தை வீழ்ந்தால் தாங்கிப் பிடிப்பதில்லை. அப்படியானால் ஒழிந்தவர் யார்? நஷ்டத்தில் பங்கு கொள்ளாத ஒரு புதுத் தரகர் வந்திருக்கிறார். கமிஷன் மண்டிக்காரர் உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. அவரைத் தட்டிக்கேட்க ஒரு விற்பனைக் குழுவாவது இருக்கிறது; மும்பையிலோ அமெரிக்காவிலோ இருக்கும் தலைமை அலுவலகத்தைத் தட்டிக்கேட்க முள்பாகல் விவசாயிக்கு வழி எது?

நம்மவரிடமிருந்தே வரும் மறுப்பு

இவ்வளவு சொன்ன பிறகும், நம் கூட்டங்களில் இளைஞர்கள் எழுப்பும் ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது.

"சின்னக் கடைக்காரரைப் பற்றி இவ்வளவு உருகுகிறீர்களே! எடையில் குறைத்தது யார்? மிளகாய்த்தூளில் கலப்படம் செய்தது யார்? நம் தாத்தாவைக் கடைக்கு வெளியே நிறுத்திச் சாமானைத் தூக்கிப் போட்டது யார்? பெரிய கடையில் யாரும் சாதி கேட்பதில்லை. நானே எடுக்கிறேன், நானே தொட்டுப் பார்க்கிறேன், மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறேன். அந்த மரியாதைக்காகவே போகிறேன்."

இந்தக் கோபம் நியாயமானது. 1926 முதல் அப்பாத்துரையார் 'தமிழன்' இதழை நடத்திய மண் இது. பௌத்தமும் சுயமரியாதையும் இங்கே வெறும் மேடைப் பேச்சாக இருந்ததில்லை. மலிவை விட்டுக்கொடு என்று தொழிலாளியிடம் கேட்கலாம். மானத்தை விட்டுக்கொடு என்று யாரும் கேட்க முடியாது. சாதி பார்த்துச் சாமான் கொடுக்கும் கடை எதுவாயினும், அது நம் ஊர்க் கடையாயினும், நம் மொழிக்காரர் கடையாயினும், அதன் படியேறக் கூடாது என்பதே நமது நிலை.

எனினும் இளைஞர்கள் இன்னும் இரண்டு அடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பில் போடும் இடத்தில் சாதி இல்லை; உண்மை. கழிப்பறை கழுவும் இடத்தில்? இரவில் குப்பை அள்ளும் இடத்தில்? அங்கே ஒப்பந்தக்காரன் யாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்? மேலே, இயக்குநர் நாற்காலிகளில் எந்தச் சமூகத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வாடிக்கையாளனாக இருக்கும்வரை நமக்கு மரியாதை. பையில் பணம் இல்லாத அன்று வாசல் காவலாளியின் பார்வையே வேறு. பணத்துக்குக் கிடைக்கும் மரியாதையைச் சமத்துவம் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

மற்றொன்று. நிலமும் மூலதனமும் இல்லாத ஒடுக்கப்பட்ட குடும்பம் கூலிவேலையிலிருந்து தப்பிச் சொந்தக் காலில் நிற்க, எட்டிப் பிடிக்கக்கூடிய முதற்படி ஒரு சிறு கடைதான். பத்தாயிரம் இருபதாயிரத்தில் தொடங்கலாம். அந்தப் படியை உடைத்துவிட்டு, அதே குடும்பத்துப் பிள்ளைக்குச் சீருடை மாட்டி நிற்கவைக்கும் வேலையைத் தருவது முன்னேற்றமா? சாதிக் கடைக்காரனுக்கு எதிரான நல்ல பதில் நம்மவர் வைக்கும் கடை. நம்மவர் சேர்ந்து நடத்தும் கடை. அம்பானியின் கடை அந்தப் பதிலைத் தராது.

எடைக்குறைவுக்கும் கலப்படத்துக்கும் சலுகை காட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எடைக்கல் சோதனையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் எதற்கு இருக்கிறார்கள்? தவறு செய்யும் கடைக்காரர் தெருவிலேயே இருக்கிறார். கேட்கலாம், சண்டை போடலாம், சங்கத்துக்கு இழுத்து வரலாம். சிறு கடைகளிலும் கூலி குறைவு, வேலை நேரம் அதிகம் என்பதும் மெய்யே. அங்கேயும் ஊழியர் உரிமையைக் கேட்கத்தான் போகிறோம். சின்னவன் சுரண்டினால் அது புண்ணியமாகிவிடாது.

மலிவு வேண்டாமா என்று கேட்டால், ஏழைக்கு மலிவு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. அதற்கு உரிய வழி பொது விநியோகம். கர்நாடக அரசு 2023 ஜூலையில் கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்குப் பதிலாகக் கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கில் பணமாகக் கொடுத்தது. 2025-இல்தான் மறுபடி அரிசியாகவே கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசு அரிசி விற்க மறுத்ததால் வந்த நிலை அது. இடைப்பட்ட காலத்தில் அந்த 34 ரூபாயை எடுத்துக்கொண்டு போய்க் கடை விலையில் அரிசி வாங்கிப் பார்த்தவர்களுக்கு, ரேஷன் கடையின் அருமை தெரியும். பருப்பும் எண்ணெயும் ரேஷனில் வந்தால், நூறு கிலோமீட்டர் பை சுமக்க வேண்டியதில்லை.

கை தூக்கியவர்களும் வெளியேறியவர்களும்

அரசியல் கட்சிகளின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு பலபொருள் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீத அந்நிய மூலதனத்தை அனுமதித்தது. செப்டம்பர் 20-இல் நாடு தழுவிய கடையடைப்பு. திராவிட முன்னேற்றக் கழகம் கடையடைப்பை ஆதரித்தது. டிசம்பர் 5-இல் மக்களவையில் வாக்கெடுப்பு வந்தபோது அதே கழகம் அரசுக்கு வாக்களித்தது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. எதிர்ப்புத் தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. எதிர்த்து முழங்கிய பாரதிய ஜனதா 2014-இல் ஆட்சிக்கு வந்தது. அந்த அனுமதி ஏட்டிலிருந்து நீங்கவில்லை. 2016-இல் இணையச் சந்தைகளுக்கு நூறு சதவீத அந்நிய முதலீடு என்று விதிமுறை எழுதப்பட்டது. முன்கதவில் நின்ற வால்மார்ட், பக்கத்துக் கதவு வழியாக வந்து அமர்ந்தது.

கட்டுப்பாடு என்றால் பிற்போக்கு என்பார்கள். பிரான்ஸ் 1973-இல் 'ருவாயே சட்டம்' போட்டுப் பெருங்கடை திறக்க உள்ளூர்க் குழுவின் அனுமதி வேண்டும் என்றது. ஜப்பான் அதே ஆண்டு பெருங்கடைச் சட்டம் இயற்றிச் சிறு வணிகரைக் காத்தது. அமெரிக்கா நெருக்கிய பிறகே தளர்த்தியது. அடக்க விலைக்கும் கீழே தொடர்ந்து விற்கக்கூடாது என்று 2000-இல் ஜெர்மன் அதிகாரிகள் வால்மார்ட்டுக்கு ஆணையிட்டார்கள். அங்கே தொழிற்சங்கமும் வலுவாக இருந்தது. 2006-இல் வால்மார்ட் ஜெர்மனியை விட்டே மூட்டை கட்டியது. தென் கொரியாவில் 2012 முதல் பெருங்கடைகள் மாதம் இரண்டு நாள் மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. இவையெல்லாம் பிற்போக்கு நாடுகளா?

நாம் செய்யக்கூடியவை

வெறும் உபதேசத்தால் அடுப்பெரியாது. ஆகவே சங்கத்தின் கிளைகள் விவாதித்து முடிவெடுக்கச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாதச் சாமானில் பாதியையாவது தங்கவயலிலேயே வாங்குவது என்று உறுப்பினர் குடும்பங்கள் முடிவு செய்யலாம். முழுவதையும் என்று கேட்டால் முடியாதவர்கள் மனம் வருந்துவார்கள். பாதி என்பது பெரும்பாலோரால் முடியும். காய்கறி, பழம், பூ, பலகாரம் ஆகியவற்றைப் பெரிய கடையில் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, கூட்டுறவு. 1904-இல் திருவல்லிக்கேணியில் சிலர் சேர்ந்து தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் நுகர்வோர் கூட்டுறவுக்கே முன்னோடி. 1957-இல் காபி போர்டு வேலையை விட்டு அனுப்பிய தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் தந்த ஊக்கத்தில் கூட்டுறவு அமைத்துக் காபி ஹவுஸை நடத்திக் காட்டினார்கள். அவர்களின் முதல் சங்கம் தோன்றியது நம் பக்கத்துப் பெங்களூரில்தான். பத்துப் பதினைந்து தெருக்கடைகள் சேர்ந்து மூட்டைக் கணக்கில் கொள்முதல் செய்தாலே, ஐந்து ரூபாய் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். கடைக்காரர்களும் வாடிக்கையாளரும் ஒரே சங்கத்தில் இருக்கும் இந்த ஊரில் அது இயலாத காரியமல்ல.

மூன்றாவது, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி, நகர வணிகக் குழுவைக் கூட்டவும் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கவும் நகராட்சியை வற்புறுத்த வேண்டும். சான்றிதழ் கையிலிருந்தால் போலீஸ்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நான்காவது, உட்காரும் உரிமையைக் கர்நாடகச் சட்டத்திலும் தெளிவாக எழுத வேண்டும் என்று நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக்கொடுக்க வேண்டும். பெங்களூர்க் கடைகளில் வேலை செய்யும் நம் பெண்களையும் பிள்ளைகளையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் நாம், அங்கே வேலை செய்பவர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுடைய கூலி உயர்ந்தால் பொய்யான மலிவு தானே குறையும்.

ஐந்தாவது, இதில் மொழிப் பகையோ மதப் பகையோ நுழைய இடம் கொடுக்கக் கூடாது. இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் உருது பேசும் முஸ்லிம்களும் மார்வாடிகளும் கடை வைத்திருக்கிறார்கள். இவர்களில் யாருடைய கடை மூடினாலும் அது நம் தெருவின் நஷ்டம். "நம்மவர் கடையில் மட்டும் வாங்கு" என்ற கோஷத்தோடு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தங்கத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி போயிற்று. சயனைடு மண் மலைகளை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு இன்றும் நம் வீடுகளுக்குள் வருகிறது. இலாபம் ஓரிடத்துக்கும் கழிவு ஓரிடத்துக்கும் போவது எப்படி என்று உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடியவர்கள் நாம். அந்தப் பாடத்தை நம் சொந்தச் சாமான் பைக்கும் பொருத்திப் பார்ப்போம். அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இந்த ஐந்து யோசனைகளையும் வைத்து விவாதித்து, முடிவுகளைத் தலைமைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாறுபட்ட கருத்துள்ளவர்களும் எழுதலாம். இந்தப் பக்கங்களில் அதற்கும் இடம் உண்டு.